மெர்சிங்க: ரியூனியன் ஒறம்பரைகளோடு கொங்கு நாட்டில்

வெள்ளி, கோயம்புத்தூர்

ரியூனியன் தீவிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் ஒறம்பரையாக, அதாவது விருந்தாளிகளாக, வருகிறார்கள், மகனுக்குப் பழனியில் முடியிறக்க வேண்டும், வழியில் நாலு கோயிலும் காட்டிவிடு என்று புதுச்சேரித் தோழி போன் செய்திருந்தாள். இருவருக்கும் தமிழ் வராது. மகனுக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்கு. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. "உனக்குத்தான் பிரெஞ்சு கத்துக்கணும்னு ஆசையாச்சே, இதைவிட நல்ல சான்ஸ் வருமா?" என்று வேறு சொல்லி வைத்துவிட்டாள்.

ரியூனியன் எங்கே என்று கேட்பவர்களுக்காக: மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில். பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த தீவு 1946இல் பிரான்சின் மாவட்டங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. அங்கே செல்லும் காசு யூரோ. 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமல், நம் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் நிறையப் பேர். அவர்களின் வழிவந்தவர்களுக்கு அங்கே மல்பார் என்று பெயர். தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், கோயிலைக் 'கொய்லு' என்கிறார்கள். பேச்சு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை நழுவிப் போய்விட்டது.

போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் பிரெஞ்சு படிக்கிறேன். பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான், பூனை பால் குடிக்கிறது என்று தினமும் சொல்லித் தருகிறது. ஏர்போர்ட்டில் வந்து இறங்கும் பெரியம்மாவிடம் பூனை பால் குடிக்கும் சேதியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அக்கா மகளைப் பிடித்தேன். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து மார்க்கை அள்ளியவள். நம் ஊரில் அது மார்க்குக்காகவே எடுக்கும் பாடம் என்பது ஊரறிந்த ரகசியம். வினைச்சொல் வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பாள். "தண்ணி வேணுமான்னு கேளு பாக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சித்தி, அதெல்லாம் எங்களுக்கு எக்ஸாம்ல வரல" என்றாள்.

ஆனாலும் உச்சரிப்பு அவளிடம்தான் சரியானது. இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டில் அரைப்பக்கம் தேற்றினோம். வணக்கம் பொன்ஜூர், நன்றி மெர்சி, தயவுசெய்து சில் வூ ப்ளே, போகலாம் ஒன்னி வா, சரி தகோர், கழிப்பறை எங்கே ஊ ஸோன் லே த்வாலெத். என்னைக் கேட்டால் இந்த அரைப்பக்கத்தில் தலைமகன் 'ப்லு லோந்த்மோன், சில் வூ ப்ளே'தான். இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நாம் ஒரு கேள்வியைத் திருத்தமாகக் கேட்டுவிட்டால் எதிரே இருப்பவர் நமக்கு மொழி தெரியும் என்று நம்பி மடையைத் திறந்து விட்டுவிடுவார். அதற்கு அணை போட ஒரு வாக்கியம் கையில் இல்லாமல் பேச ஆரம்பிக்கவே கூடாது.

எழுத்தைப் பார்த்துப் படித்தால் பிரெஞ்சு காலை வாரிவிடும். கடைசி மெய் பெரும்பாலும் ஊமை. பாரிஸ் அவர்கள் வாயில் பாரி. ஆனால் அந்த ஊமை சில இடங்களில் வாய் திறக்கும். 'கொமோன்' என்றால் எப்படி. அதன் கடைசியில் ஒரு 'த்' எழுதியிருக்கும். 'கொமோன் ஸா வா' என்று நலம் விசாரிக்கும்போது அது கேட்காது. 'கொமோன் தலே வூ' என்று மரியாதையாக விசாரித்தால், அடுத்து உயிரெழுத்து வருவதால் எழுந்துகொள்ளும். மணி, அடித்தான் இரண்டும் சேர்ந்து மணியடித்தான் ஆவதைப் பள்ளியில் படித்த நமக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை. கஷ்டமெல்லாம் 'நீ' என்று சொல்ல வரும் 'தூ'வில்தான். ஈ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஊவுக்குக் குவிக்க வேண்டும். தனியாக இருக்கும்போது பழகுவது நல்லது.

மதியம் ஏர்போர்ட். "பொன்ஜூர், மதாம்" என்றதும் அந்த அம்மா என் தோளைப் பிடித்து இரு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அடுத்து நின்ற டிரைவர் தம்பி சட்டென்று இரண்டடி பின்வாங்கிக் கும்பிடு போட்டான். காங்கேயத்துக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கும்பிட்டார்.

சாயங்காலம் பேரூர். பட்டீஸ்வரரைப் பார்த்துவிட்டு வெளியே டீ குடிக்கப் போனோம். நம் ஆட்கள் டீக்கடையில் நுழைந்ததும் நேராக "ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி" என்று ஆரம்பித்துவிடுவோம். அந்த அம்மாவோ வாசலிலேயே நின்று, மாஸ்டருக்கு, பெஞ்சில் இருந்த பெரியவருக்கு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொன்ஜூர் வைத்த பிறகே உள்ளே வந்தார். பிரான்சில் கடைக்குள் போய் பொன்ஜூர் சொல்லாமல் விலை கேட்டால் அது மரியாதைக் குறைவு என்று படித்திருந்தேன். மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, "வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சனி, பொள்ளாச்சி, ஆனைமலை

டிரைவர் தம்பி என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறான். அவனுக்கு இலக்கணப் பயம் இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் இளநீருக்கு நிறுத்தியபோது அந்த அம்மா அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "மெர்சிங்க" என்றான். எனக்குப் புரை ஏறிவிட்டது. அவன் சிரிக்கவில்லை. "வெறும் மெர்சின்னு எப்படிக்கா சொல்றது? பெரியவங்க இல்லீங்களா?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சில் 'நீ' என்பதற்கு 'தூ', 'நீங்கள்' என்பதற்கு 'வூ'. யாரைத் தூ, யாரை வூ என்று அக்கா மகளின் புத்தகத்தில் ஒரு பாடமே உண்டு. கைக்குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடும் ஊர்க்காரிக்கு அந்தப் பாடம் அவசியமில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் வூ போட்டுவிடலாம்.

ஆனைமலை மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருப்பவள். அங்கே மிளகாய் அரைப்பதை எப்படி விளக்குவது என்று காரிலேயே யோசித்துக்கொண்டு வந்தேன். நகை களவு போனவர்களும் சொத்தில் ஏமாந்தவர்களும் அங்கே ஆட்டுக்கல்லில் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவார்கள். அரைப்பக்க பிரெஞ்சில் இதற்கெல்லாம் இடமேது? மிளகாய்க்கு 'பிமோன்', நீதிக்கு 'ஜுஸ்தீஸ்', அம்மாவுக்கு 'மமோன்'. மூன்றையும் வரிசையாகச் சொல்லிக் கல்லைக் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தி, "ஆ, வுவாலா!" என்றார். அப்படித்தான், அதேதான் என்பதற்கெல்லாம் அவர்களுக்கு ஒரே வுவாலா.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அரைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். பாட்டி குழவியைக் கொடுத்தார். இடது கையால் மிளகாயைத் தள்ளிக்கொடுத்து, வலது கையால் குழவியைச் சுழற்றி, ஓரத்தில் ஒதுங்கிய விழுதை விரலால் வழித்து மறுபடி குழிக்குள் விட்ட லாகவத்தைப் பார்த்தால் தினமும் செய்கிற கை என்று தெரிந்தது. "நம்மூரு பொண்ணாட்டவே அரைக்குது" என்றார் பாட்டி. என்ன முறையீடு என்று நானும் கேட்கவில்லை, பாட்டியும் கேட்கவில்லை.

மதியம் மெஸ்ஸில் அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம். விருந்தாளிக்குக் காரம் ஆகாது என்று 'பா த்ரோ பிகோன்', அதாவது ரொம்பக் காரம் வேண்டாம் என்பதை முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது செல்லாக்காசாகப் போயிற்று. மகன் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே "ஒன்கோர்" என்றான். இன்னும் கொண்டா என்று பொருள். அவர்கள் தீவில் சோறு, கறி, பருப்பு, ஊறுகாய், அதோடு தக்காளி மிளகாய் போட்ட 'ருகாய்' என்ற தொட்டுக்கை. 'பொன்பொன் பிமோன்' என்று ஒரு பலகாரத்தைப் போனில் காட்டினான். நம் பருப்புவடைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

இன்னொன்றும் இன்று தெளிந்தது. அம்மாவும் மகனும் என்னிடம் பேசினால் ஏதோ பிடிபடுகிறது. தங்களுக்குள் பேசிக்கொண்டால் ஒரு சொல்கூட காதில் நிற்கவில்லை. என் காதுதான் மந்தம் என்று நினைத்தேன். மகனிடம் கேட்டால், அது பிரெஞ்சே இல்லையாம், கிரியோலாம். வீட்டில் அதுதான், பள்ளிக்கூடம், ஆபீஸ் என்றால் பிரெஞ்சு. 'கொமோன் இ லே' என்றால் எப்படி இருக்கிறாய், 'லே லா' என்றால் நல்லா இருக்கேன். டிரைவர் தம்பி லே லாவை உடனே கைப்பற்றிக்கொண்டான்.

ஞாயிறு, பழனி

உடுமலை வழியாக விடிகாலையில் கிளம்பினோம். விஞ்சுக்கும் ரோப் காருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அந்த அம்மா நடந்தே ஏறுவேன் என்று நின்றார். சரி என்று யானைப்பாதையில் மெதுவாக ஏறினோம். வளைவுக்கு ஒரு தடவை நான் "ஸா வா?" என்பேன், அவர் "ஸா வா" என்பார். கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே சொல். குரலை ஏற்றினால் கேள்வி, இறக்கினால் பதில். படிக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான சரக்கு பிரெஞ்சில் கிடைக்காது.

ஆனால் இன்றைய கதை மலையடிவாரத்தில், முடி எடுக்கும் இடத்தில் நடந்தது. மகன் சம்மணமிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தான். தண்ணீர் தெளித்துத் தேய்த்தபோது ஒன்றுமில்லை. சவரக்கத்தி உச்சந்தலையில் பட்டதும் பையன் தோளைக் குலுக்கிக் கழுத்தை இழுத்தான். நாவிதர் கையை எடுத்துவிட்டு, "அசையாம இருக்கச் சொல்லுங்கம்மா, பட்டுச்சுன்னா ரத்தம் வந்துரும்" என்றார். அக்கா மகளுக்கு அவசரமாக வாட்ஸப் செய்தேன். 'ந பூஜே பா' என்று குரல் அனுப்பினாள். மகன் தலையைக் குனிந்தபடியே "பூஜே பா" என்று திருத்தினான். புத்தகப் பிரெஞ்சில் 'இல்லை', 'வேண்டாம்' என்று மறுக்க, வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு 'ந', பின்னால் ஒரு 'பா' என்று இரண்டு இருக்கும். பேச்சில் முன்னால் வருவதை முழுங்கிவிடுகிறார்கள்.

நாவிதர் அதைப் பிடித்துக்கொண்டார். கத்தி காதோரம் வரும்போதெல்லாம் "பூஜே பா, சாமி, பூஜே பா" என்று தாலாட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இழுத்தார். பக்கத்தில் மொட்டை போட உட்கார்ந்திருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இவர் வாயையே பார்த்தது. முடித்துச் சந்தனம் பூசியதும் மகன் தலையைத் தடவிப் பார்த்து "மெர்சிங்க" என்றான். இது யார் வேலை என்று சொல்லவேண்டியதில்லை.

தரிசனம் முடிந்து பஞ்சாமிர்தம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் என்று சொல்ல ஆசைதான், சொல்ல வார்த்தை ஏது? அவர் "சே க்வா?" என்றார். இது என்ன என்பதற்குச் செயலி சொல்லித் தந்தது 'கெஸ்க ஸே'. இந்த மூன்று நாளில் அதை ஒருவர் வாயிலும் கேட்கவில்லை. எல்லாம் சே க்வாதான். வாழைப்பழம் 'பனான்', தேன் 'மியேல்', பேரீச்சை 'தாத்'. நெய்க்கு வழியில்லாமல் வெண்ணெய்க்கான 'பேர்' என்று சொல்லி அடுப்பில் வைத்து உருக்குவதுபோல அபிநயம் பிடித்தேன். டப்பா காலியாகும்வரை விளக்கம் தொடர்ந்தது.

திங்கள், காங்கேயம், சென்னிமலை

தாராபுரம் தாண்டியதும் டிரைவர் தம்பிக்குச் சொந்த ஊர்க் களை வந்துவிட்டது. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வண்டியை ஓரங்கட்டி, காங்கேயம் மாட்டைப் பற்றி அவனே பாடம் எடுத்தான். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். இதை நான் முழு வாக்கியமாக்க முயன்று வினைச்சொல்லில் சிக்கிக் கிடந்தேன். அவன் கையை முழங்கால் உயரத்துக்குக் காட்டி "பெத்தி, ரூஜ்" என்றான். பிறகு தோளுயரம் காட்டி "கிரோன், கிரி." சின்னது சிவப்பு, பெரியது சாம்பல். முடிந்தது. நிறங்களை மகனிடம் ராத்திரியே கேட்டு வைத்திருக்கிறான், கள்ளன்.

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. முருகன் யாராவது ஒரு பக்தரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூப் போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். கனவுக்கு 'ரேவ்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து ஓட்டினேன். அந்த அம்மா பெட்டி முன்னால் நின்று வெகுநேரம் ஏதோ சொன்னார். ப்லு லோந்த்மோன் என்றேன். மெதுவாகச் சொன்னார், அப்போதும் பாதிதான் புரிந்தது. அவர் தாயாரின் கனவு ஏதோ ஒன்று. மீதியைத் துருவிக் கேட்கும் அளவுக்கு என்னிடம் மொழி இல்லை.

சென்னிமலையில் பெட்ஷீட் வாங்காமல் திரும்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கைத்தறிக் கடையில் அவரே "சே கொம்பியேன்?" என்று கேட்டார், எவ்வளவு என்று. கடைக்காரர் நானூற்றுத் தொண்ணூறு என்றார். நான் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சில் அறுபது வரைக்கும் நல்ல பிள்ளை. எழுபது என்றால் அறுபத்துப் பத்து, எண்பது என்றால் நாலு இருபது, தொண்ணூறு என்றால் நாலு இருபதும் பத்தும். ஆக நானூற்றுத் தொண்ணூறு 'காத்ர சோன் காத்ர வேன் தீஸ்'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தொண்ணூறுக்கு 'நோனோன்த்' என்று ஒரே சொல் உண்டு, அவர்கள் புத்திசாலிகள். நான் கால்குலேட்டரில் அடித்துக் காட்டினேன். இது தோல்வி ஒன்றும் இல்லை. விலை பேசும்போது தப்பாகச் சொல்லிக் கைக்காசு போடுவதைவிடக் கால்குலேட்டர் மேல். கடைக்காரர் "வெளிநாட்டு ஒறம்பரைங்க, குறைச்சே போட்டுக்கலாம்" என்று நாற்பது தள்ளினார்.

செவ்வாய், பவானி, ஈரோடு

காலையில் கூடுதுறை. காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் முன்னோர்க்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். எள்ளும் பிண்டமும் வாழையிலையில் தயார். ஐயர் கோத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். சிவ கோத்திரம் என்று வைத்துக்கொண்டு, "அப்பா, தாத்தா, பூட்டன், மூணு தலைமுறைப் பேரு சொல்லச் சொல்லுங்க" என்றார்.

பெயர் என்ன என்று கேட்க எனக்குத் தெரியும். ஆனால் அது இருப்பவர்களுக்கு, 'கொமோன் ஸப்பெல்'. போனவர்களைக் கேட்க இறந்தகாலம் வேண்டும். அக்கா மகளின் வாய்பாடு முதல்முறையாக உதவிக்கு வந்தது: 'கொமோன் ஸப்பெலே'. கடைசியில் ஓர் ஏகாரம் நீண்டால் ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறது. அப்பா பெயர் பிரெஞ்சுப் பெயர். தாத்தாவுக்கும் அப்படியே. ஐயர் இரண்டையும் முயன்று சொல்லிப் பார்த்து, சங்கல்பத்தில் எப்படியோ நுழைத்துவிட்டார். பூட்டன் பெயரைக் கேட்டபோது அந்த அம்மா ஒரு நிமிடம் தயங்கி, "மூத்துசமீ" என்றார். பிரெஞ்சில் அழுத்தம் எப்போதும் கடைசியில் விழும். அன்று பதிவேட்டில் எழுதிய துரையின் காதில் விழுந்தது அப்படி; அதையே அந்தக் குடும்பம் இத்தனை காலம் எழுத்து மாறாமல் வைத்திருக்கிறது.

"முத்துசாமி" என்றார் ஐயர், ரொம்பச் சாதாரணமாக, மந்திரத்தை நிறுத்தாமலே.

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "முத்து-சாமி" என்று நான் மெதுவாகச் சொன்னேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது ஐயருக்கு முன்னால் அவரே அந்தப் பெயரைச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் பவானி ஜமக்காளம் ஒன்று, ஈரோட்டில் மஞ்சள் கொஞ்சம். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏற்றிவிட வேண்டும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது தன்னை நான் 'தூ' என்றே கூப்பிடலாம் என்றார் அந்த அம்மா. அதற்கென்று 'தூத்வாயே' என்று ஒரு வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே வூ போட்டேன். வயதில் பெரியவர்களை ஒருமையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது எந்த மொழியானால் என்ன.

மகன் தன் போனைக் காட்டினான். இத்தனை நாள் கேட்ட தமிழையெல்லாம் பிரெஞ்சு எழுத்தில் குறித்து வைத்திருக்கிறான்: வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க. அடிக்கோடிட்டு ஒன்று: போதுமுங்க. சென்னையில் ஆட்டோக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்றான். "எவ்வளவுங்க" என்று எழுதிக் கொடுத்தேன். டிரைவர் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, அந்த 'ங்க'வைக் கேட்டாலே வெளியூருன்னு தெரிஞ்சு நூறு ரூபா எச்சாச் சொல்லுவாங்க. மொதல்ல அதை அழிங்க."